நிற்கிற கார்டு வண்டியை அளந்து மாடல் செய்வது எப்படி

சரக்கு ரயிலின் வாலில் ஒரு சின்னப் பெட்டி போகுமே, முனையில் திண்ணை மாதிரி ஒரு இடம், அதில் ஒருவர் பச்சைக்கொடியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பாரே, அதைப் பற்றித்தான் இது. ரயில்வேக்காரர்களுக்குப் பிரேக் வேன், மற்ற எல்லாருக்கும் கார்டு வண்டி. காரைக்குடி பக்கம் மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் இடைவெளித் தண்டவாளம்) ஓடியதைப் பார்த்து வளர்ந்தவர்களில் சிலருக்கு அதன்மேல் ஒரு கிறுக்கு உண்டு, எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. இப்போது அவை ரயில்வே அருங்காட்சியகத்திலோ, ஏதாவது அலுவலக வாசலிலோ, குடியிருப்புப் பூங்காவிலோ பெயின்ட் பூசிக்கொண்டு நிற்கின்றன. அப்படி நிற்கிற ஒன்றை அளந்து, விசாரித்து, கையில் அடங்குகிற மாடலாக்க என்ன செய்ய வேண்டும் என்று நான் பட்ட பாட்டிலிருந்து சொல்கிறேன்.

டேப்பை எடுப்பதற்கு முன்னால் ஒரு விஷயம். நிற்கிற வண்டி வேறு, ஓடின வண்டி வேறு. இது புரியாமல்தான் என் முதல் மாடலைக் கெடுத்தேன். ஒரு பூங்காவில் நின்ற நாலு சக்கர வண்டியை ஒரு நாள் முழுக்க அளந்து, இரண்டு மாதம் உட்கார்ந்து, சன்னல் கம்பி முதல் மஞ்சள் பட்டை வரை அப்படியே செய்து, எங்கள் தெருவில் இருக்கிற ஓய்வுபெற்ற கார்டு ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இதுல நான் எப்படி ஏறுறது?” என்றார். பார்த்தால் படியே இல்லை. பூங்காவில் குழந்தைகள் ஏறி விழுந்துவிடக் கூடாது என்று படிக்கட்டை அறுத்து எடுத்திருக்கிறார்கள், நான் இல்லாத படியை இல்லாமலேயே செய்து வைத்திருக்கிறேன். சன்னல் கம்பியும் அவர் காலத்தில் கிடையாதாம். மஞ்சள் பட்டையைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை, சிரித்தார், அவ்வளவுதான்.

ஆகவே முதல் வேலை வருஷத்தை முடிவு செய்வது. ‘ஒரு கார்டு வண்டி’ என்று மாடல் செய்ய முடியாது, இன்ன வருஷத்தில் இன்ன பாதையில் ஓடிய கார்டு வண்டி என்றுதான் செய்ய முடியும். நம் பக்கத்துப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929-இலும், அங்கிருந்து செட்டிநாடு, காரைக்குடி, தேவகோட்டை ரோடு, சிவகங்கை வழியாக மானாமதுரைக்கு 1930-இலும் தண்டவாளம் வந்தது, அப்போது அது சவுத் இந்தியன் ரயில்வே. 1951-இல் தெற்கு ரயில்வே ஆயிற்று. அறந்தாங்கியிலிருந்து கண்டனூர் புதுவயல் வழியாகக் காரைக்குடிக்கு வந்த கிளை 1952-இல்தான். முக்கியப் பாதை 2000-களின் பிற்பகுதியில் பிராட்கேஜ், அதாவது அகலப்பாதை, ஆகிவிட்டது, அறந்தாங்கிக் கிளையில் மட்டும் மீட்டர்கேஜ் 2012 வரை இழுத்துக்கொண்டிருந்து, 2018-இல் பிராட்கேஜாகத் திரும்பி வந்தது. இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 1940 என்று முடிவு செய்தால் பக்கவாட்டில் எஸ்.ஐ.ஆர். என்ற எழுத்து வர வேண்டும், 1965 என்றால் எஸ்.ஆர். என்று இந்தியோடு சேர்த்து வர வேண்டும், 1940 வண்டியில் இந்தி எழுத்து இருந்தால் தெரிந்தவர்கள் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார்கள். நான் 1970-களை எடுத்துக்கொண்டேன், காரணம் வரலாறு இல்லை, அந்தக் காலத்தில் வேலை பார்த்தவர்கள் இன்னும் பேசக்கூடிய வயதில் இருக்கிறார்கள்.

இணையத்தில் தேடினால் பெரும்பாலும் அமெரிக்காக்காரர்கள் செய்தது வரும். அங்கே இதற்குக் கபூஸ் என்று பெயர். பல கபூஸ்களின் கூரையில் சன்னல் வைத்த ஒரு மாடம் துருத்திக்கொண்டிருக்கும், அதில் உட்கார்ந்து ரயில் முழுவதையும் மேலிருந்து பார்ப்பார்கள். 1980-களில் கடைசி வண்டியில் மாட்டுகிற ஒரு மின்னணுப் பெட்டி வந்து அவற்றை ஓரங்கட்டியது. நம் ஊரிலும் அந்தக் கருவியைச் சோதிக்கிறார்கள், கார்டு என்ற பதவிப் பெயரையும் 2022 ஜனவரியில் டிரெயின் மேனேஜர் என்று மாற்றிவிட்டார்கள். அமெரிக்காக்காரர்கள் அளக்கிற ஒழுங்கைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், உருவத்தை எடுக்காதீர்கள். போன வருஷம் ஒரு பையன் கூரை மாடத்தோடு நம் தெற்கு ரயில்வே வண்டி ஒன்றைச் செய்து வைத்திருந்தான், பெயின்ட் வேலை பிரமாதம், அதனால் சொல்லவும் மனசு வரவில்லை.

எங்கே போய்ப் பார்ப்பது? காரைக்குடியிலிருந்து பக்கம் என்றால் திருச்சி ஜங்ஷனுக்கு அருகே 2014-இல் திறந்த ரயில்வே அருங்காட்சியகம். சென்னை ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை பக்கத்தில் 2002-இல் திறந்தது ஒன்று, மைசூரில் 1979-இலிருந்து ஒன்று, டெல்லி சாணக்கியபுரியில் 1977-இல் திறந்த பெரிய தேசிய அருங்காட்சியகம். முதல் தடவை டேப் இல்லாமல் போங்கள். சும்மா சுற்றிப் பாருங்கள், டீ குடியுங்கள், காவலரிடம் பேசுங்கள், எந்தப் பக்கம் எப்போது வெயில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பொறுப்பாளருக்கு ஒரு பக்கக் கடிதம்: நான் யார், எதற்கு அளக்கிறேன், எத்தனை பேர் வருகிறோம், எவ்வளவு நேரம். முக்கியமாக என்ன செய்ய மாட்டேன் என்பதையும் எழுதுங்கள், கூரைமேல் ஏற மாட்டேன், எதையும் சுரண்ட மாட்டேன், கழற்ற மாட்டேன் என்று. இந்த ஒரு வரிக்குத்தான் அனுமதி கிடைக்கிறது என்பது என் அனுபவம். ஓடுகிற பாதை ஓரத்தில் ஒதுக்கி விட்டிருக்கிற பழைய வண்டியைப் பார்த்து ஆசைப்பட்டு வேலி தாண்டிவிடாதீர்கள், 1989 ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவில் அது குற்றம், ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு.

அளக்கப் போகிற நாளில் தனியாகப் போகாதீர்கள். நான் கூட்டிப்போனது எங்கள் ஊர் ஆசாரியை. பழைய வீடுகளின் தேக்கு நிலை, கதவு, தூண் எல்லாம் பழுது பார்க்கிறவர், அளவுக்குப் பிறந்த கை. ஐந்து மீட்டர் டேப் ஒன்று, நீளத்துக்கு பதினைந்து மீட்டர் டேப் ஒன்று, ரசமட்டம், மூலைமட்டம், தூக்குக்குண்டு, சாக்பீஸ், டார்ச், ஒரு சின்னக் காந்தம். அப்புறம் ஒரு மீட்டர் நீளக் குச்சியில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை என்று மாற்றி மாற்றிப் பட்டை அடித்துக்கொள்ளுங்கள், இது போட்டோவுக்கு. காந்தம் எதற்கு என்று ஆசாரியே கேட்டார். பெயின்டுக்கு அடியில் இருப்பது இரும்பா, மரமா, பிற்பாடு துருவை மறைக்கப் பூசின பட்டியா என்று கண்ணுக்குத் தெரியாது, காந்தத்துக்குத் தெரியும். நாங்கள் பார்த்த வண்டியில் கீழ்ப்பலகை ஓரம் ஒரு முழ நீளத்துக்குக் காந்தம் ஒட்டவே இல்லை, மொத்தமும் பட்டி.

ஒருவர் அளக்க, ஒருவர் எழுத வேண்டும். எழுதுகிறவர் எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும், கடையில் கணக்கு எழுதும்போது ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்ப்பாரே, அந்த மாதிரி. துண்டு துண்டாக அளந்து கூட்டாதீர்கள். சன்னல் இவ்வளவு, இடைவெளி இவ்வளவு, கதவு இவ்வளவு என்று பத்துத் துண்டு அளந்தால் துண்டுக்கு இரண்டு மி.மீ. தப்பினாலே மொத்தத்தில் இரண்டு சென்டிமீட்டர் போய்விடும். ஒரு முனையில் டேப்பின் பூஜ்யத்தை வைத்து, நீளத்துக்கு இழுத்துப் பிடித்து, கடந்துபோகிற ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து எவ்வளவு என்று வரிசையாக எழுதுங்கள். பிறகு மறுமுனையிலிருந்து ஒரு தடவை. இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதி. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மேல் அந்த இரும்பைத் தொட முடியாது, காலை ஆறரைக்கே ஆரம்பித்துவிடுங்கள், இதை நான் உள்ளங்கையால் கற்றுக்கொண்டேன்.

உயரம்தான் எல்லாரும் சறுக்குகிற இடம். தரையிலிருந்து அளக்கக் கூடாது, தண்டவாளத்தின் மேல்தலையிலிருந்து அளக்க வேண்டும். காட்சிக்கு வைத்த வண்டியில் தண்டவாளத்தைச் சுற்றிச் சிமென்ட் போட்டு, ஆத்தங்குடிக் கல் பதிக்காத குறையாக அழகுபடுத்தியிருப்பார்கள், மேல்தலை சில சமயம் தெரியவே தெரியாது. சக்கரத்தின் அடிப்பகுதி எங்கே தொடுகிறதோ அதுதான் மேல்தலை, அங்கிருந்து ஆரம்பியுங்கள். இன்னொரு சரிபார்ப்பு உண்டு: மீட்டர்கேஜ் சக்கரம் பொதுவாக 725 மி.மீ. விட்டம், ஆகவே அச்சின் மையம் மேல்தலையிலிருந்து சுமார் 360 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும், தேய்ந்த சக்கரமானால் கொஞ்சம் குறையும். உங்கள் கணக்கு 300 என்று காட்டினால் எங்கோ சிமென்டிலிருந்து அளந்திருக்கிறீர்கள். வண்டியின் எடையைத் தாங்குகிற பட்டை ஸ்பிரிங்குகளும் ஏமாற்றும். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற வண்டியில் ஒரு பக்கம் படிந்து உட்கார்ந்திருக்கும், நாலு மூலையிலும் உயரம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கூரை வளைவை ஏணி இல்லாமல் எடுக்கலாம். முனைச் சுவரில் கூரை ஆரம்பிக்கிற இரண்டு ஓரத்துக்கும் நடுவில் அகலம் எவ்வளவு, அந்தக் கோட்டிலிருந்து நடு உச்சி எவ்வளவு உயரம், இரண்டு எண் போதும். அகலத்தின் வர்க்கத்தை உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, உயரத்தில் பாதியைக் கூட்டினால் வளைவின் ஆரம் வந்துவிடும். அகலம் 2400, உயரம் 300 என்று வைத்துக்கொண்டால் 2400-உம் 150-உம் சேர்த்து 2550 மி.மீ. இந்தச் சூத்திரத்தைச் சொன்னதும் ஆசாரி சிரித்துவிட்டு, ஒரு ஈயக் கம்பியை அழுத்தி வளைத்துக் காகிதத்தில் வைத்துக் கோடு போட்டுக் காட்டினார். வாசல் வளைவுகளுக்கு அவர் அப்படித்தான் செய்வாராம். சின்ன வளைவுகளுக்கு, முக்கியமாகக் கைப்பிடிக் கம்பிகளுக்கு, அவர் வழியே சுலபம்.

அளவுகள் வந்த பிறகு ஒரு வேடிக்கை நடக்கும். மி.மீட்டரில் பார்த்தால் 1829, 2134, 3048 என்று தலைகால் புரியாத எண்களாக இருக்கும். பழைய வண்டிகளை வரைந்தவர்கள் அடி, அங்குலத்தில் வரைந்தார்கள், 1829 என்பது ஆறு அடி, 2134 ஏழு அடி, 3048 பத்து அடி. உங்கள் எண்களை 304.8-ஆல் வகுத்துப் பாருங்கள். முழு அடியோ, சுத்தமான அங்குலமோ வந்தால் அது வரைந்தவர் மனசில் இருந்த அளவு, மூலத்தைத் தொட்டுவிட்டீர்கள். வராமல் 1843 மாதிரி எதுவோ வந்தால் அங்கே இரண்டில் ஒன்று, நீங்கள் தப்பாக அளந்திருக்கிறீர்கள் அல்லது அந்தப் பாகத்தைப் பிற்பாடு யாரோ மாற்றியிருக்கிறார்கள். அந்தக் கம்பி வைத்த சன்னல்களின் அகலம் எந்த அடிக்கும் அங்குலத்துக்கும் ஒத்துவரவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

எது பழசு, எது புதுசு என்று பார்க்க இன்னும் சில வழிகள். ரிவெட் இருந்தால் பெரும்பாலும் பழசு, வெல்டிங் தழும்பு இருந்தால் பிற்கால வேலை. திருகாணித் தலையில் ஒற்றைக் கோடு இருந்தால் பழசாக இருக்க வாய்ப்பு, ஸ்டார் ஸ்குரூ என்றால் நிச்சயம் பிற்பாடு வந்தது, இதை ஆசாரிதான் காட்டினார், பழைய கதவுப் பூட்டுகளைப் பார்த்தே வந்த பழக்கம் அவருக்கு. காலியான ஓட்டைகளை விடாதீர்கள், ஓட்டை என்றால் அங்கே ஏதோ மாட்டியிருந்தது என்று அர்த்தம், எத்தனை ஓட்டை, எவ்வளவு இடைவெளி என்று எழுதிக்கொள்ளுங்கள், பிற்பாடு போட்டோ கிடைக்கும்போது பதில் கிடைக்கும். பெயின்டுக்குக் கதவின் கீல் பக்கமும், பெஞ்சுக்கு அடியும், கூரையின் உள் மூலையும் பாருங்கள், அங்கெல்லாம் புதுப் பெயின்ட் அடிக்கிறவரின் பிரஷ் போகாது, பழைய நிறம் அப்படியே இருக்கும். சுரண்ட வேண்டாம், உரிந்த இடத்தைப் படமெடுத்தால் போதும். எழுத்துகளை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். நான் அளந்த வண்டியில் ஒரு பக்கம் ஒரு எண்ணும் மறுபக்கம் இன்னொரு எண்ணும் இருந்தன, பெயின்டர் எந்தக் காகிதத்தைப் பார்த்து எழுதினாரோ. அடிச்சட்டத்தில் தகட்டிலோ இரும்பிலேயே பொறித்தோ எண் இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள், சக்கர அச்சின் முனை உட்காருகிற அச்சுப்பெட்டியின் மூடியிலும் வார்ப்பு எழுத்து இருக்கலாம். கடைசியாகப் பழுது பார்த்த தேதியும் பட்டறையின் குறியும் எங்காவது மங்கலாகத் தெரியும், ஜி.ஓ.சி. என்றால் பொன்மலை. பிராட்கேஜ் வண்டியில் பதினோரு இலக்க எண் இருந்தால் ஐந்தாவது, ஆறாவது இலக்கம் செய்த வருஷம்.

இல்லாதவற்றைத் தேடுவதும் ஆராய்ச்சிதான். காட்சிக்கு வந்த வண்டியில் பித்தளை என்று எது இருந்தாலும் போயிருக்கும். உள்ளே பிரேக்கின் வெற்றிடத்தைக் காட்டுகிற வேக்குவம் மீட்டர் இருக்காது, கைப்பிரேக் சக்கரம் சில சமயம் இருக்கும், முனையில் தொங்கிய தடித்த ரப்பர்க் குழாய் நிச்சயம் இருக்காது. 1970-கள் வண்டிக்கு அந்த ஒற்றைத் தடிக்குழாய் வேண்டும், வேக்குவம் பிரேக் காலம் அது. காற்றுப் பிரேக் வந்த பிறகு செய்த வண்டிகளின் மெல்லிய குழாய்களைப் பார்த்து இதில் மாட்டிவிடாதீர்கள். இணைப்பும் அப்படித்தான், மீட்டர்கேஜில் நடுவில் ஒரே பஃபர் (பெட்டிகள் இடிக்கும்போது தாங்குகிற முட்டு), அதோடு சேர்ந்த கொக்கி. இரண்டு ஓரத்திலும் வட்டத் தட்டு பஃபர் பிராட்கேஜுக்கு.

விளக்குகளுக்கு நான் திரும்ப அந்தக் கார்டு ஐயாவிடமே போனேன். இந்தத் தடவை மாடல் எடுத்துப் போகவில்லை, போட்டோக்களைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு எடுத்துப் போனேன். பெரியவர்களிடம் ‘அந்தக் காலத்தில எப்படி இருந்துச்சுய்யா’ என்று கேட்டால் சம்பளம், மேலதிகாரி, மழையில் காட்டுக்குள் நின்ற ராத்திரி என்று போய்விடும், அதுவும் கேட்க நல்ல கதைதான், ஆனால் உங்கள் நோட்டு காலியாக இருக்கும். படத்தைக் கையில் கொடுத்து, விரலை வைத்துக் கேளுங்கள். “ஐயா, இந்த மூலையில ரெண்டு ஓட்டை இருக்கே, என்ன மாட்டுவீங்க?” என்றேன். சட்டென்று, “சைடு லாம்பு” என்றார். வண்டியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு விளக்கு, பின்னால் பார்த்தால் சிவப்பு, என்ஜின் பக்கம் வெள்ளை, என்ஜினில் இருப்பவர் திரும்பிப் பார்க்கும்போது இரண்டு வெள்ளை தெரிந்தால் ரயில் அறுபடாமல் முழுசாக வருகிறது என்று புரிந்துகொள்வாராம். கடைசியில் வால் விளக்கு ஒன்று. பகலில் எல்.வி. என்று எழுதிய பலகை, கடைசி வண்டி என்று அர்த்தம், ஸ்டேஷன் மாஸ்டர் அதைப் பார்த்த பிறகுதான் ரயில் முழுதாக வந்து சேர்ந்தது என்று முடிவு செய்வார். “லாம்ப எங்கய்யா வச்சிருப்பீங்க பகல்ல?” என்று கேட்டதும் பெஞ்சுக்குக் கீழே ஒரு இடத்தைக் காட்டினார், படத்தில் அங்கே ஒரு வளைந்த கம்பி இருந்தது, நான் அதை ஏதோ உடைந்த துண்டு என்று விட்டுவிட்டிருந்தேன். பிற்பாடு இன்னொரு நாள் போனபோது அவர் வீட்டு ஆச்சி ஒன்று சொன்னார்கள், கொடி வைக்கிற குழாய் கதவுக்கு வலது பக்கம் இருந்தது, சின்ன வயதில் அப்பாவோடு ஏறிப் பார்த்திருக்கிறேன் என்று. கூட இருக்கிறவர்களிடமும் கேளுங்கள், அவ்வளவுதான்.

விளக்கையே பார்க்க வேண்டுமானால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போங்கள். பழம்பொருள் கடைகளில் பர்மாத் தேக்கு, எனாமல் தட்டு, பீங்கான் ஜாடி நடுவில் ரயில்வே கை லாந்தர் எப்போதாவது கண்ணில் படும். வாங்கக் கட்டுப்படியாகாது, அளக்க விடுவார்கள், வியாபாரம் இல்லாத நேரமாகப் போய் அண்ணே என்று கூப்பிட்டுக் கேட்டால். ஆனால் விளக்கில் இருக்கிற எழுத்துகளைச் சரிபார்க்காமல் ‘இது எஸ்.ஐ.ஆர். சரக்குண்ணே’ என்ற பேச்சை நம்ப வேண்டாம், புதுப் பித்தளைக்குப் பழைய பச்சை ஏற்றத் தெரிந்த ஆட்களும் இருக்கிறார்கள்.

பழைய போட்டோவுக்கு நம் பக்கத்தில் ஒரு வசதி உண்டு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய்வந்த குடும்பங்களின் வீட்டில் ஆல்பம் இருக்கும், ஸ்டேஷனில் வழியனுப்பிய படம், மாலை போட்ட படம். யாரும் கார்டு வண்டியைப் படம் எடுத்திருக்க மாட்டார்கள், ஆனால் மாலை போட்டவர் தோளுக்குப் பின்னால் பக்கத்துத் தண்டவாளத்தில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். எனக்குக் கிடைத்த ஒரே நல்ல படம் அப்படித்தான், ஒரு மாப்பிள்ளையின் காதுக்குப் பின்னால் அரை வண்டி. அதில் படிக்கட்டு தெளிவாக இருந்தது. அச்சில் வந்தவற்றுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த சேகரிப்பு, 1994-இலிருந்து சென்னையில் இருக்கிறது, பழைய இதழ்களின் விளம்பரப் பக்கங்களையும் விடாமல் புரட்டுங்கள். வரைபடத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம், கட்டணம் பத்து ரூபாய், முப்பது நாளில் பதில் தர வேண்டும். ‘கார்டு வண்டி பற்றிய எல்லாத் தகவலும்’ என்று கேட்டால் ஒன்றும் வராது. வண்டியின் வகை, எண் இரண்டையும் எழுதி, பொது அமைப்பு வரைபடத்தின் நகல் என்று குறிப்பாகக் கேளுங்கள். அவர்களிடம் இருக்கிற காகிதத்தின் நகலைத் தரத்தான் சட்டம், இல்லாததை வரைந்து தரச் சொல்ல முடியாது. எனக்கு முதல் மனுவுக்கு ‘கோப்பு இல்லை’ என்று ஒரு வரிப் பதில் வந்தது. வண்டி எண்ணைச் சேர்த்து இரண்டாவது மனுப் போட்டேன், இரண்டு தாள் வந்தது.

போட்டோ எடுப்பதில் ஒன்றே ஒன்று. பக்கத்தில் நின்று எடுக்காதீர்கள், போன் காமெராவில் முனைகள் வளைந்துவிடும். பதினைந்து மீட்டருக்கு மேல் பின்னால் போய், வண்டியின் நடுவுக்கு நேராக நின்று, ஜூம் போட்டு எடுங்கள், பட்டைக் குச்சி வண்டியின் உடம்போடு ஒட்டி நிற்கட்டும். மேகமூட்டமான நாள் கிடைத்தால் அதிர்ஷ்டம். அடிப்பகுதிக்கு வெளிச்சம் போதாது, ஒரு வெள்ளைத் துண்டை தரையில் விரித்தால் வெயில் மேலே தெறித்து உள்ளே எல்லாம் தெரியும். குளிக்கிற துண்டே போதும், யாராவது கேட்டால் விளக்கம் சொல்லத்தான் கொஞ்சம் சிரமம்.

சரி, எந்த ஸ்கேலில் செய்வது. பலர் எச்.ஓ. என்று ஆரம்பிப்பார்கள், நிஜ அளவில் 87-இல் ஒன்று, அடிக்கு 3.5 மி.மீ. அதில் மீட்டர்கேஜ் 11.5 மி.மீ. வரும், கடையில் கிடைக்கிற 12 மி.மீ. தண்டவாளம் பொருந்தும். வண்டி இருபது அடி என்றால் மாடல் ஏழு சென்டிமீட்டர், தீப்பெட்டி ஒன்றரை நீளம். அழகுதான், ஆனால் நாம் சேகரித்த விவரமெல்லாம் கண்ணில் படாது. ஒரு அங்குலப் பலகை 0.3 மி.மீ. ஆகிவிடும், இரண்டு பலகைக்கு நடுவே இருக்கிற கோட்டை உண்மை அளவில் செய்தால் தெரியவே தெரியாது, கூட்டித்தான் செய்ய வேண்டும். ஜி என்கிற 22.5-இல் ஒன்று மீட்டர்கேஜுக்கென்றே பிறந்த மாதிரி இருக்கிறது, 1000 மி.மீட்டரை 22.5-ஆல் வகுத்தால் 44.4, அதன் தண்டவாளம் 45. சக்கரம் 32 மி.மீ., இருபது அடி வண்டி 271 மி.மீ., ஒரு சாணுக்கு மேல். அலமாரியில் இடம் அதிகம் கேட்கும், கண்ணாடி போட்ட வயதுக்கு இதுதான் சரி என்பது என் கட்சி. தண்டவாளமே வேண்டாம், மேசையில் வைத்தால் போதும் என்றால் ஸ்கேலைப் பற்றிக் கவலையே படாதீர்கள், கிடைக்கிற சக்கரத்தின் விட்டத்தைப் பார்த்து 725-ஐ அதால் வகுத்து ஸ்கேலை முடிவு செய்யுங்கள், சக்கரத்தைக் கையால் செய்வதைவிட மற்றதெல்லாம் சுலபம்.

வரையும்போது எண்களை எல்லாம் முதலில் ஒரே பக்கமாக நிஜ அளவிலேயே எழுதி, பக்கத்தில் அடி அங்குலத்தை எழுதி, அதற்கும் பக்கத்தில் இது எங்கிருந்து வந்தது என்று ஒரு எழுத்து போடுங்கள்: நானே அளந்தது ‘அ’, போட்டோவில் கணக்கிட்டது ‘போ’, ஒருவர் சொன்னது ‘சொ’, ஊகம் ‘ஊ’. ஆறு மாதம் கழித்து படியின் அகலம் எங்கே கிடைத்தது என்று உங்களுக்கே நினைவிருக்காது. என் இரண்டாவது மாடலில் படி ‘போ’, விளக்குக் கொக்கி ‘சொ’, பெஞ்சு உயரம் ‘அ’, கூரைக் காற்றுத்துளையின் மூடி மட்டும் இன்றைக்கும் ‘ஊ’. மாடலுக்கு அடியில் ஒரு சின்னக் காகிதத்தில் அதையும் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.

பொருளைப் பற்றிச் சுருக்கமாக. பிளாஸ்டிக் ஷீட் ஆன்லைனில் வாங்க வேண்டியிருக்கிறது, அது வருகிற வரைக்கும் கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு ஒத்திகை மாடல் செய்துவிடுங்கள். நம் ஊர்ப் பத்திரிகைகள் கெட்டி அட்டையாக வருவதால் இரண்டை ஒட்டினால் சுவர் மாதிரி நிற்கும், பொன் எழுத்து உள்பக்கம் போகட்டும். அட்டையில் தப்புத் தெரிந்தால் காசு நஷ்டமில்லை. கைப்பிடிகளுக்கு மெல்லிய பித்தளைக் கம்பி, ரிவெட்டுக்கு ஷீட்டின் பின்பக்கமிருந்து மழுங்கிய ஊசியால் ஒரே அழுத்தம், எல்லாம் ஒரே உட்காரலில் முடித்துவிடுங்கள், மறுநாள் கை அழுத்தம் மாறிவிடும்.

ஒட்டுகிற வரிசையில் அடிச்சட்டம் முதலில், சக்கரம் நேராக உருளுகிறதா என்று கண்ணாடிமேல் வைத்துப் பார்த்த பிறகுதான் சுவர். உள்ளே பெஞ்சு, பிரேக் சக்கரம், விளக்குக் கொக்கி எல்லாவற்றையும் வைத்து, உட்புறத்துக்குப் பெயின்டும் அடித்து, ஒரு நாள் காயவிட்டுக் கூரையை மூடுங்கள். கூரையைப் பசை போட்டு ஒட்டாமல் நாலு மூலையிலும் சின்னக் காந்தம் வைத்துவிட்டால் இன்னும் நல்லது. நான் ஒட்டிவிட்டேன். கொடிக்குழாய் வலது பக்கம் என்று ஆச்சி சொன்னது கூரை காய்ந்த மறுநாள்.